சாட்ஸ்வொர்த் வீட்டை இப்போதே விற்பதா, வட்டி இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பதா?

மாமரத்தடி | 2025 ஆகஸ்ட் 9

எல்லோருக்கும் வணக்கம். இதை வீட்டுக்குள் பேசிப் பேசி எனக்கும் என் மனைவிக்கும் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

அறுபதுகளின் நடுவில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்சைக் காலி செய்து எங்களை ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்ற குழுப் பகுதிச் சட்டத்தின் காலம் அது. எப்போது போக வசதிப்படும் என்று அன்று எங்களை யாரும் கேட்கவில்லை. நகராட்சி வாடகைக்குக் கொடுத்த வீட்டை அப்பா தவணை கட்டிச் சொந்தமாக்கினார். 2009இல் அம்மா இறந்தபின் அது என் பெயருக்கு வந்தது. கடன் ஏதும் இல்லை.

இப்போது எனக்கு 65 வயது. சாலையிலிருந்து வாசலுக்கு 34 படிகள். மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மகள் கேப் டவுனில், பெல்வில் பக்கம் இருக்கிறாள். அங்கேயே வந்துவிடுங்கள் என்கிறாள். தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஏறக்குறைய 16 லட்சம் ராண்ட் ஆகிறது. நம் வீட்டைப் பார்த்த ஏஜென்ட் ஒருவர் 13 லட்சத்து 80 ஆயிரம் போகும் என்றார். இன்னொருவர் 11 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள் என்றார். நகராட்சியின் மதிப்பீட்டுப் பட்டியலில் 8 லட்சத்து 90 ஆயிரம் என்று இருக்கிறது. மூன்றில் எது உண்மை?

இன்னொரு கேள்வி. சென்ற ஆண்டு செப்டம்பர் வரை 11.75 சதவீதமாக இருந்த பிரைம் வட்டி (வங்கிகள் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் விகிதம்) இப்போது 10.50க்கு வந்திருக்கிறது. இன்னும் இறங்கினால் வாங்குவோர் கூடுவார்கள், விலையும் ஏறும், ஓராண்டு பொறு என்கிறார் மைத்துனர். பொறுக்கலாமா?

வடகரை | 2025 ஆகஸ்ட் 9

ஐயா, நான் கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக அம்லாங்கா பக்கம் வாடகைக்கு இருப்பவன். நானே வீடு தேடிக்கொண்டிருப்பதால் வாங்குபவன் மனம் எனக்குத் தெரியும். உங்கள் மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

10 லட்சம் ராண்டுக்கு 20 ஆண்டு பாண்ட், அதாவது வீட்டுக் கடன், எடுத்தால், 11.75 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 10,837 ராண்ட். இன்றைய 10.50இல் அது 9,984. பத்துக்கு இறங்கினால் 9,650. அதே சம்பளத்தை வைத்துக்கொண்டு வங்கி கூடுதலாகக் கடன் கொடுக்கும். அந்தக் கூடுதல் கடைசியில் விற்பவர் கைக்குத்தான் போகிறது. வட்டியைத் தீர்மானிக்கும் ரிசர்வ் வங்கிக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டம் செப்டம்பரில். அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து.

தாமரைக்குளம் | 2025 ஆகஸ்ட் 10

தம்பி வடகரை, கணக்கு சரி. ஆனால் பாதிதான் போட்டிருக்கிறீர்கள். அண்ணா விற்கிறார், வாங்கவும் போகிறார். வட்டி டர்பனுக்கு மட்டும் இறங்குமா?

இரண்டு ஊரிலும் விலை 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த் வீடு 11.2 லட்சம் என்றால் அண்ணாவுக்குக் கிடைப்பது 56,000. பெல்வில் ஃபிளாட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 80,000. காத்திருந்ததற்குக் கூலியாக 24,000 ராண்ட் நஷ்டம். அதுவும் இரண்டு ஊரும் ஒரே வேகத்தில் ஏறினால்தான். சில ஆண்டுகளாக மேற்குக் கேப் விலைகள்தான் மற்ற மாகாணங்களை முந்தி ஓடுகின்றன. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் டர்பனிலிருந்தும் ஜனங்கள் பெட்டி கட்டிக்கொண்டு அங்கேதானே போகிறார்கள்? லெனேசியாவில் எங்கள் தெருவிலிருந்தே மூன்று குடும்பங்கள் போய்விட்டன.

சிறிய வீட்டை விற்றுப் பெரிய விலைக்கு வாங்கப் போகிறவர், சந்தை ஏறும் என்று நம்பினால் இன்றைக்கே கிளம்ப வேண்டும். இறங்கும் என்று நம்பினால்தான் அவர் காத்திருக்கலாம். மைத்துனரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ்வாசி | 2025 ஆகஸ்ட் 10

வட்டி வட்டி என்று எல்லோரும் வட்டமடிக்கிறீர்கள். 2020 ஜூலை தொடங்கி 2021 நவம்பர் வரை பிரைம் 7 சதவீதமாகத்தான் இருந்தது. அதைவிட நல்ல வட்டியை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. நடுவில் 2021 ஜூலைக் கலவரம் வந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு ஒரு மாதம் முன்புதான் விலை சொல்லியிருந்தார். கலவரத்துக்குப் பின் வீட்டை எட்டிப்பார்க்கவே ஆள் வரவில்லை. மனம் நொந்து, கடைசியில் வந்தவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று அந்த வீடு என்ன விலை போகும் என்று சொன்னால் அவருக்கு வயிறு எரியும்.

மறு ஏப்ரலில் வெள்ளம். 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போன அந்த மழைக்குப் பின், சரிவில் நிற்கும் வீட்டைப் பார்க்க வருகிறவர் முதலில் சமையலறையைப் பார்ப்பதில்லை, பின்புறம் போய்த் தாங்குசுவரைத் தட்டிப் பார்க்கிறார். 34 படிகள் என்றால் உங்கள் வீடும் சரிவில்தான் இருக்கும். சுவரில் வெடிப்பு இருக்கிறதா அண்ணா? இருந்தால் வட்டியை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

பழைய சாவி | 2025 ஆகஸ்ட் 11

பத்திரப் பதிவு செய்யும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்துக்கு என் கைவழியே போன கோப்புகளுக்குக் கணக்கில்லை. நல்ல விலை கிடைத்தும் கெட்டுப்போன விற்பனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காகிதம்தான் காலை வாரியது. ஆகவே மாமரத்தடி ஐயாவுக்குச் சில கேள்விகள்.

மூலப் பத்திரம் கையில் இருக்கிறதா, பீரோவில் இருப்பதாக நினைவு மட்டும்தானா? தொலைந்திருந்தால் நகல் எடுக்க விளம்பரம், மனு என்று வாரங்கள் ஓடும். அம்மாவின் சொத்து விவகாரம் முடிந்து உங்கள் ஒருவர் பெயரில் முறையாக மாறியதா? ஒரு தங்கை கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தால்கூட அங்கேயே நிற்கும்.

அடுத்து வரைபடம். சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டிய வடிவத்திலேயே நிற்கும் வீட்டை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. முன்னால் ஒரு வராண்டா, மேலே ஒரு மாடி, பின்னால் ஒரு கட்டு. நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அவை இருக்கின்றனவா? வாங்குபவரின் வங்கி வரைபடம் கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

பிறகு சான்றிதழ்கள். மின்சாரத்துக்குக் கட்டாயம், இரண்டு ஆண்டுக்கு மேல் பழையது செல்லாது. மின்வேலியும் எரிவாயு அடுப்பும் இருந்தால் அவற்றுக்குத் தனித்தனியாக வேண்டும். மரத்தை வண்டு அரிக்கவில்லை என்ற சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை, ஆனால் நம் கடற்கரை ஊர்களில் ஒப்பந்தத்தில் அதை எழுதுவது வழக்கம். ரேட்ஸ், அதாவது நகராட்சி வரி, பாக்கியில்லை என்ற கிளியரன்ஸ் சான்றிதழை நகராட்சி கொடுக்காமல் பத்திரம் மாறாது. கொடுத்த நாளிலிருந்து 60 நாள்தான் அதற்கு உயிர்.

விலையைப் பற்றி ஒரே ஒரு சொல். நகராட்சிப் பட்டியல் வரி போடுவதற்காக மொத்தமாகப் போட்ட மதிப்பு. இப்போதுள்ளது 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதை வைத்து விற்கவும் வேண்டாம், அதைக் காட்டி யாராவது பேரம் பேசினால் அசரவும் வேண்டாம்.

தாமரைக்குளம் | 2025 ஆகஸ்ட் 11

13.8 லட்சம் சொன்ன ஏஜென்ட்டைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். என் மாமியார் வீட்டுக்கு இப்படித்தான் ஒருவர் வந்தார். மற்றவர்கள் சொன்னதைவிட இரண்டு லட்சம் கூட்டிச் சொல்லி, தனக்கு மட்டும் விற்கும் உரிமை என்று மூன்று மாதத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முதல் மாதம் நாலு பேர் வந்து பார்த்தார்கள். அடுத்த மாதம் ஒருவர். மூன்றாம் மாதம், "சந்தை மந்தமாகிவிட்டது ஆன்ட்டி, கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

கடைசியில் மற்றவர்கள் முதலில் சொன்ன விலையைவிட 40,000 குறைவாகப் போனது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி அண்ணா. இத்தனை நாள் ஏன் போகவில்லை, ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். உங்கள் தெருவில், உங்களுடையதைப் போன்ற வீடு கடந்த ஓராண்டில் என்ன விலைக்குப் பதிவானது என்று இரண்டு ஏஜென்ட்டிடமும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட விலை வேண்டாம், பதிவான விலை. யார் காட்டத் தயங்குகிறாரோ அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வடகரை | 2025 ஆகஸ்ட் 11

அக்கா, 12.1 லட்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்த ஏப்ரல் முதல் அதுவரை வாங்குபவருக்குப் பத்திரமாற்று வரி இல்லை. அதற்கு மேல் போனால் வாங்குபவர் ஓடிவிடுவார், அதனால் 12.1க்குக் கீழேதான் விலை வைக்க வேண்டும் என்று என் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்.

பழைய சாவி | 2025 ஆகஸ்ட் 11

உங்கள் அலுவலக நண்பர் அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி, முதல் படி 3 சதவீதம். 13 லட்சத்துக்கு வாங்கினால் மேலே உள்ள 90,000க்கு 2,700 ராண்ட். அதற்காக யாரும் ஓடமாட்டார்கள்.

மாமரத்தடி | 2025 ஆகஸ்ட் 13

இரண்டு நாள் பீரோவைக் குடைந்தேன். பத்திரம் இருக்கிறது, என் ஒருவன் பெயரில்தான். தாங்குசுவரை 2022 மழைக்குப் பின் புதிதாகக் கட்டினேன்; பொறியாளர் கொடுத்த கடிதமும் அதே உறையில் இருந்தது. ஃபீனிக்ஸ்வாசி தம்பிக்கு நன்றி.

பழைய சாவி ஐயா, நீங்கள் என் வீட்டுக்குள் வந்து பார்த்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். 1998இல் பின்கட்டு ஒன்று கட்டினோம், ஒரு அறை, சமையலறை, குளியலறை. வரைபடம் கொடுக்கவில்லை. அப்போது யார் கொடுத்தார்கள்? அதில் ஒரு பையன் மாதம் 3,500 ராண்ட் கொடுத்து நான்கு ஆண்டாக இருக்கிறான். ஒப்பந்தம் வாய்ச்சொல்தான். நல்ல பையன், கார்த்திகைக்கு விளக்கு வைக்கக்கூட உதவுவான்.

இன்னொன்று, கேலி செய்யாதீர்கள். பின்முற்றத்தில் அம்மா வைத்த மாரியம்மன் மாடம் இருக்கிறது. பாரக்சிலிருந்து முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த கல். ஆடியில் கூழ் ஊற்றுவதும், காவடிக்குக் கிளம்புவதும் அங்கிருந்துதான். மகளின் ஃபிளாட் பக்கம் ஒரு முழ மண்கூட இல்லை. வாங்குகிறவர் வேறு மதத்தவராக இருந்தால் என்ன ஆகும்? என் மனைவி கேட்பது இந்த ஒரே கேள்விதான். விலையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

ஃபீனிக்ஸ்வாசி | 2025 ஆகஸ்ட் 13

யார் கேலி செய்வார்கள்? என் தாத்தா வீடு போனபோதும் இதே கவலைதான். கோயில் குருக்களைக் கூப்பிட்டு, பூசை செய்து, கலசத்தில் அம்மனை இறக்கி, கல்லைக் கோயில் வளாகத்திலேயே ஒரு மரத்தடியில் வைத்தோம். ஆயா இருக்கும்வரை வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய் வந்தார். மாடம் காலியானபின் அது வெறும் செங்கல்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். விற்ற பிறகு அடுத்தவர் முற்றத்தில் நின்று பூசை செய்யக் கேட்பது சங்கடம்.

பழைய சாவி | 2025 ஆகஸ்ட் 14

மாடத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பின்கட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய காலத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிறபடியே விற்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சொத்து முகவர் சட்டத்தின்படி, வீட்டிலுள்ள குறைகளை விற்பவர் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது ஒப்பந்தத்தோடு சேர்ந்த காகிதம். வரைபடம் இல்லாதது தெரிந்தும் மறைத்தால் ஃபூட்ஸ்டூட்ஸ் உங்களைக் காப்பாற்றாது. உடனே ஒரு வரைபடக்காரரைப் பிடித்து, இருக்கும் கட்டடத்துக்கு வரைந்து ஒப்புதலுக்குக் கொடுங்கள். மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் செய்ய வேண்டிய காத்திருப்பு இதுதான், வட்டிக்காக அல்ல.

வாடகைப் பையன். நம் சட்டத்தில் விற்பனையால் வாடகை ஒப்பந்தம் முறியாது, வாங்குபவர் அவனோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். மாதாமாத வாடகை என்றால் ஒரு முழு மாத அறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். போக மறுத்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. பயப்படச் சொல்லவில்லை. அவனிடம் இன்றே பேசுங்கள். சில வாங்குபவர்களுக்கு வாடகை வரும் வீடு என்பதே பிடிக்கும்.

மூலதன ஆதாய வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் வாழும் வீடு என்பதால் ஆதாயத்தில் 20 லட்சம் ராண்ட் வரை கணக்கில் வராது. வாரிசாக வந்த வீட்டுக்கு அடிப்படை விலை, அம்மா இறந்த நாளின் சந்தை மதிப்பு. அந்த 2009 மதிப்பீட்டைத் தேடி எடுங்கள். வாடகைக்கு விட்ட பின்கட்டின் பங்குக்கு மட்டும் அந்தச் சலுகை பொருந்தாது. உதாரணமாக மொத்த ஆதாயம் 6,40,000, பின்கட்டு ஐந்தில் ஒரு பங்கு என்றால் 1,28,000. அதில் ஆண்டு விலக்கு 40,000 போக 88,000. அதன் 40 சதவீதமான 35,200 உங்கள் வருமானத்தோடு சேரும். தூக்கம் கெடும் தொகை அல்ல, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

வடகரை | 2025 ஆகஸ்ட் 14

அக்கா சொன்ன இரண்டு ஊர்க் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயாவுக்கு மாதம் 3,500 வாடகை வருகிறதே, அதாவது ஆண்டுக்கு 42,000. காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்தானே?

தாமரைக்குளம் | 2025 ஆகஸ்ட் 14

ரேட்ஸ், காப்பீடு, காவல் நிறுவனத்தின் மாதக் கட்டணம், கூரைக்குப் பெயின்ட், அதையெல்லாம் யார் கட்டுவது தம்பி? என் கணக்கில் அந்த 42,000 அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் அண்ணியின் முழங்காலை எந்த வரியில் எழுதுவீர்கள்? ஒரு நாளைக்கு 34 படி ஏறி 34 படி இறங்குகிறார். கணினியிலேயே கணக்குப் போடுகிறவர்களுக்கு இதற்குக் கட்டம் கிடையாது போலும்.

வடகரை | 2025 ஆகஸ்ட் 15

என் அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு அக்கா. அந்தச் சொல் வேண்டாம்.

தாமரைக்குளம் | 2025 ஆகஸ்ட் 15

மன்னியுங்கள் தம்பி. வேகத்தில் வந்துவிட்டது.

மாமரத்தடி | 2025 ஆகஸ்ட் 16

சண்டை வேண்டாம், இருவர் சொன்னதையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிக் கேள்வி. முதலில் விற்பதா, முதலில் அங்கே வாங்குவதா? நடுவில் தெருவில் நிற்க நேருமோ என்று பயம். ஒரு முறை லாரியில் ஏற்றி இறக்கப்பட்டவன், அந்தப் பயம் போகாது.

பழைய சாவி | 2025 ஆகஸ்ட் 16

முதலில் விற்றுவிடுங்கள். 'என் வீடு விற்றால் வாங்குகிறேன்' என்ற நிபந்தனையோடு பெல்வில்லில் விலை கொடுத்தால் அதற்கு மதிப்புக் குறைவு. அதற்கு ஒப்புக்கொண்டாலும் 72 மணி நேர விதி ஒன்று எழுதுவார்கள். இன்னொருவர் வந்து நின்றால் மூன்று நாளுக்குள் நிபந்தனையை விட வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். அந்த ஊர்ச் சந்தையில் இன்னொருவர் வந்து நிற்பார்.

தெருவில் நிற்க மாட்டீர்கள். கையெழுத்திலிருந்து பதிவு வரை இரண்டு மூன்று மாதம் ஆகும். பதிவு முடிந்த பிறகும் சில வாரம் இருக்க வேண்டுமானால், வாங்கியவருக்குக் குடியிருப்பு வாடகை கொடுத்து இருக்கலாம். தேதியையும் தொகையையும் ஒப்பந்தத்தில் இப்போதே எழுதச் சொல்லுங்கள். ஏஜென்ட்டின் கமிஷன் பேசித் தீர்மானிப்பது. 7 சதவீதத்தில் தொடங்கினால் 5க்குக் கொண்டுவரப் பாருங்கள், அதற்கு மேல் 15 சதவீத வாட் இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

மாமரத்தடி | 2025 டிசம்பர் 7

மீண்டும் வணக்கம். நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆவேன்.

செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வட்டியைத் தொடவில்லை. நவம்பர் 20இல் கால் சதவீதம் குறைத்தது, பிரைம் 10.25. அன்று மைத்துனர் போன் செய்து, பார்த்தாயா என்றார். அதற்குள் எங்கள் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பதிவான விலைகளை எழுத்தில் கேட்டேன். 13.8 சொன்னவர் அதன்பின் போனை எடுக்கவில்லை. மற்றவர் ஐந்து வீடுகளைக் காட்டினார். 11 லட்சத்து 80 ஆயிரம் என்று வைத்தோம், 11 லட்சத்து 45 ஆயிரத்துக்கு முடிந்தது. வாங்குவது ஷால்கிராஸ் பக்கத்து இளம் தம்பதி, பாண்ட் கிடைத்துவிட்டது. பின்கட்டு வரைபடம் இன்னும் நகராட்சியில் இருக்கிறது. ஒப்புதல் வரும்வரை 40,000 ராண்ட், பிறர் பணத்தைப் பாதுகாத்து வைக்கும் வழக்கறிஞரின் அறக்கணக்கில் நிற்கும் என்று எழுதியிருக்கிறோம். குளியலறைக் குழாய் ஒன்று பூமிக்கடியில் ஒழுகித் தண்ணீர்க் கணக்கு ஏறியிருந்தது. கிளியரன்ஸ் கேட்டபோதுதான் தெரிந்தது, கட்டி முடித்தேன். வாடகைப் பையன் அவர்களோடும் தொடர்கிறான், இந்த முறை எழுத்தில். அம்மன் நவராத்திரிக்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டாள். மனைவி அன்று அழுதாள், மறுநாள் பெட்டி கட்டத் தொடங்கினாள்.

பெல்வில்லில் நாங்கள் பார்த்த ஃபிளாட் போய்விட்டது. வேறொன்று 16 லட்சத்து 50 ஆயிரத்துக்குப் பேச்சில் இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். மாமரம் இந்த ஆண்டு கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. பதிவு ஜனவரி கடைசியில் வரும் என்கிறார்கள், காய் பழுப்பதும் அப்போதுதான். வாங்கும் பெண்ணிடம் கேட்டேன், "இந்த ஆண்டுப் பழம் உங்களுக்கே தாத்தா" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறாள். போதுமா ஐயா?

பழைய சாவி | 2025 டிசம்பர் 8

நிலம் விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும், 1981ஆம் ஆண்டுச் சட்டம். மரம் நிலத்தோடு போகும், காயும் மரத்தோடு போகும். ஒரு வரி எழுதி இணைத்துவிடுங்கள். 31 ஆண்டில் மாங்காய் விதி எதையும் நான் தட்டச்சு செய்ததில்லை, வரைவை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். கட்டணமாக ஊறுகாய்க்கு ஒரு கூடை போதும்.